மனசை மாற்றினால் மரபணு மாறுமா? பீட்டர் ஜோன்ஸின் வேலையைக் கொஞ்சம் பாருங்கள்

"எண்ணத்தை மாற்றுங்கள், மரபணு மாறும், புற்றுநோய் போய்விடும். எபிஜெனெடிக்ஸ் இதைத்தான் சொல்கிறது" என்று ஒரு பேச்சு சமூக ஊடகங்களில் ஓயாமல் சுற்றுகிறது. எனக்கு இதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. கீமோ ஏறிக்கொண்டிருக்கும் ஒருவர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்? நாம் சரியாக நினைக்காததால்தான் இன்னும் குணமாகவில்லை என்றுதானே? நோயையும் கொடுத்து, பழியையும் அவர் தலையிலேயே போடுகிறோம்.

எபிஜெனெடிக்ஸ் என்பது டிஎன்ஏவின் எழுத்துகள் மாறாமலேயே மரபணுக்கள் விழிப்பதையும் அமுங்குவதையும் ஆராயும் துறை. அது உண்மையில் எப்படி நகர்ந்தது என்பதற்கு பீட்டர் ஜோன்ஸ் என்ற மூலக்கூறு உயிரியலாளரின் வேலை நல்ல உதாரணம். கேப் டவுனில் பிறந்தவர், தெற்கு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் ஆய்வு செய்தவர். அவர் கையில் எடுத்த அசாசைட்டிடின் என்ற மருந்து 1964இல் செக்கோஸ்லோவாக்கியாவில் உருவாக்கப்பட்டது. செல்லைக் கொல்லும் நஞ்சு என்றுதான் அதற்குப் பெயர். லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு அதிக டோஸில் கொடுத்துப் பார்த்தார்கள். பக்கவிளைவுகளை நோயாளிகளால் தாங்க முடியவில்லை.

சுண்டெலிக் கருவிலிருந்து வளர்த்த செல்களில் இதே மருந்தைப் போட்டபோது ஒரு விசித்திரம் நடந்தது. சில நாட்கள் போனபின், தசைக்குச் சம்பந்தமே இல்லாத அந்தச் செல்கள் தசை இழைகளாகி, தட்டிலேயே சுருங்கி விரிந்தன. கான்ஸ்டான்டினிடிஸ், ஜோன்ஸ், கெவர்ஸ் மூவரும் 1977இல் இதை வெளியிட்டார்கள். அப்புறம் ஷெர்லி டெய்லருடன் சேர்ந்து செய்த சோதனைகளில் அதே செல்களிலிருந்து கொழுப்புச் செல்களும் குருத்தெலும்புச் செல்களும் வந்தன. டிஎன்ஏவில் எழுத்துப்பிழை விழுந்து இப்படி ஆகியிருக்கும் என்று சொல்ல வழியில்லை. பிழை என்பது அரிதாக நடப்பது, இதுவோ ஏராளமான செல்களில் நடந்தது.

விடை 1980இல் வந்தது. டிஎன்ஏவின் எழுத்துகள் அப்படியே இருக்க, அவற்றின் மேல் ஒட்டியிருந்த மீத்தைல் குறிகள் (மரபணுவை அமுக்கிவைக்கும் சின்ன வேதி ஒட்டுகள்) கழன்றிருந்தன. செல் பிரியும்போது பழைய இழையில் உள்ள குறிகளைப் புது இழையிலும் போட ஒரு நொதி இருக்கிறது. அசாசைட்டிடின் புது இழைக்குள் நுழைந்து, வேலை செய்ய வரும் அந்த நொதியை அங்கேயே மாட்டவைத்துவிடுகிறது. அடுத்தடுத்த தலைமுறைச் செல்களில் குறிகள் குறைகின்றன, அமுக்கப்பட்டிருந்த மரபணுக்கள் விழிக்கின்றன. இதற்குக் குறைந்த டோஸ் வேண்டும், செல் பிரிய வேண்டும், காத்திருக்கவும் வேண்டும். டோஸை ஏற்றினால் செல் செத்துப்போகும், மாறாது. 'கொல்' என்பதையே குறியாக வைத்திருந்த புற்றுநோய் மருத்துவத்துக்கு இதை ஏற்றுக்கொள்வது லேசாக இருக்கவில்லை.

மைலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம் என்ற எலும்பு மஜ்ஜை நோய்க்கு அமெரிக்காவில் இந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது 2004இல்தான். மருந்து எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தபின்னும் 24 வருடம்! தீவிர நிலையில் இருந்த 358 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையில் இடைநிலை ஆயுள் (பாதிப் பேராவது உயிரோடு இருந்த காலம்) 15 மாதம், அசாசைட்டிடினில் 24.5 மாதம். என்னைப் பொறுத்தவரை அந்த ஒன்பதரை மாதம் மிகப் பெரிய விஷயம். முழுக் குணம் என்று யாரும் சொல்லவில்லை. மருந்தை நிறுத்தினால் குறிகள் திரும்பவும் ஏறிவிடுகின்றன.

இன்னொரு சிக்கலும் உண்டு. புற்றுநோய்ச் செல்லில் மொத்தமாகப் பார்த்தால் மீத்தைல் குறைந்திருக்கிறது. இதை ஃபைன்பெர்க்கும் வோகல்ஸ்டைனும் 1983லேயே காட்டினார்கள். அதே செல்லில், கட்டியைத் தடுக்க வேண்டிய சில மரபணுக்களின் வாசலில் மட்டும் குறிகள் குவிந்து கிடக்கின்றன. மருந்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது, எல்லா இடத்திலும் கழற்றும். ஆய்வுக்கூடத்தில் செய்த மருந்துக்கே இடம் பார்த்து வேலை செய்ய முடியாதபோது, 'நேர்மறை எண்ணம்' எந்த மரபணுவைத் தேடிப் போகும்?

வாழ்க்கைமுறை இந்தக் குறிகளைத் தொடும் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. புகைப்பவர்களின் ரத்தத்தில் ஏஎச்ஆர்ஆர் என்ற மரபணுவில் மீத்தைல் குறைவதும், விட்டபின் மெல்ல ஏறுவதும் அளந்து பார்க்கப்பட்டவை. புகையை விட்டால் புற்றுநோய் வரும் அபாயம் குறையும். சரி. வளர்ந்துவிட்ட கட்டி அதனால் கரையும் என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

இந்தப் பேச்சால் நேரடியாக நடக்கும் கேடு ஒன்று இருக்கிறது. அசாசைட்டிடின் 28 நாளுக்கு ஒருமுறை, 7 நாட்கள் வீதம் ஏற்றப்படுகிறது. முதல் சில சுற்றுகளில் ரத்த அணுக்கள் இன்னும் இறங்கலாம், உடம்பு தளரும். பலன் தெரிய நாலு, ஆறு சுற்றுகள்கூட ஆகலாம். "விஷத்தை நிறுத்திவிட்டு மனசை மாற்றுங்கள்" என்று ஒரு ஃபார்வேர்டு வந்து விழுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை நடந்தால், நிறுத்துவதா வேண்டாமா என்பதை அந்த மருத்துவரிடம் மட்டும் பேசி முடிவெடுங்கள்.