ஒரு இறக்கைக்கு எத்தனை நோடுதான்யா?

லோகோவை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டு, "அண்ணே, இத அப்படியே ஸ்டிக்கர்ல வெட்டித் தாருங்க, மத்தியானம் வந்து எடுக்கேன்" என்று போய்விடுகிறார்கள். மார்த்தாண்டத்தில் ஒரு தேன் கடைக்குத் தேனீ படம். தேய்ந்துபோன ஜேபெக். படத்தைத் தானாகவே கோடாக்கும் ஆட்டோ டிரேஸ் போட்டால் ஒற்றை இறக்கையில் நோடுகள், அதாவது கோட்டைப் பிடித்து நிறுத்தும் புள்ளிகள், கம்பளிப்பூச்சி ரோமம் மாதிரி குத்திட்டு நிற்கின்றன.

முழு வட்டத்துக்கே நாலு நோடு போதுமய்யா! 1960களில் ரெனால்ட் கார் கம்பெனியில் பியர் பெசியே, நோடுக்கு நோடு ஓடும் இந்த வளைவுகளைக் கையிலெடுத்ததே, கொஞ்சம் புள்ளிகளை வைத்துக் காரின் வழவழப்பான உடம்பை வரையத்தான். இங்கே ஸ்டிக்கர் வெட்டும் மெஷினான பிளாட்டரின் கத்தி நோடுக்கு நோடு தயங்கித் தயங்கி நகர்கிறது. ஓரமெல்லாம் பிசிர். வேண்டாத வினைலை (ஸ்டிக்கர் ஷீட்டை) உரித்தால் இறக்கையும் கூடவே வருகிறது. நோடைக் குறைக்கச் சொன்னால் சாஃப்ட்வேர் கொடுக்கை மொட்டையாக்கிவிடுகிறது.

தமிழ் எழுத்து இன்னொரு கூத்து. சில பழைய ஃபான்ட்டில் 'கி'யின் மேல்விலங்கு 'க' மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். திரையில் நிறம் நிரம்பியிருப்பதால் ஒன்றும் தெரியாது. இரண்டையும் ஒரே உருவமாகச் சேர்க்காமல், அதாவது வெல்டு பண்ணாமல் அனுப்பினால் கத்தி எழுத்தின் நடுவிலேயே குறுக்கே இழுத்துவிடும். (வெறும் கோடாக வைத்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.)

டிரேஸை அழித்துவிட்டு, நோடில் வளைவைத் திருப்பும் ஹேண்டிலைப் பிடித்து இழுத்து இழுத்து இறக்கையைக் கையாலேயே வரைந்து முடித்தேன். பில்லில் டிசைன் சார்ஜைப் பார்த்ததும் தேன் கடைக்காரர் கேட்கிறார்: "படம் நான்தானே தந்தேன், அதுக்கும் பைசாவா?"