பெல்ட்டா, செயினா என்று முதலில் பாருங்கள்

அமெரிக்காவில் பழைய சுபாரு அவுட்பேக் கார் வாங்குவோர் 2012, 2013 மாடல்களில் விலை குறைந்ததை எடுத்துக்கொள்ளலாம், பெரிய வேறுபாடில்லை என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. என்னால் இதை ஏற்க முடியவில்லை. வெளித்தோற்றம் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் 2.5 லிட்டர் வண்டியில் இன்ஜினே வேறு!

2012 வரை டைமிங் பெல்ட், அதாவது வால்வுகளும் பிஸ்டன்களும் ஒன்றோடொன்று மோதாமல் நேரம் தவறாது இயங்க வைக்கும் ரப்பர் பட்டை. 1,05,000 மைலில் அதை மாற்றியே ஆக வேண்டும். ஓடும்போது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். அதன் பிறகு வண்டி வாங்கிய விலைக்கே அர்த்தமில்லை. எனவே மாற்றியதற்கான ரசீதைக் கேளுங்கள், வாய்வார்த்தை போதாது.

2013இன் புதிய இன்ஜினில் பெல்ட்டுக்குப் பதில் உலோகச் செயின் இருப்பதால் அந்தக் கவலை இல்லை. ஆனால் சில வண்டிகள் ஆயிலைக் குடித்தன. விவகாரம் நீதிமன்றம் வரை போய், சமரசத்தில் வாரண்டியை நீட்டித்தார்கள். அந்த நீட்டிப்பும் எப்போதோ முடிந்துவிட்டது. இன்ஜினைக் கிளப்பும் முன்பே டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் கம்பி) உருவி அளவைப் பாருங்கள்.

கேமராவால் முன்னே பார்த்துத் தானே பிரேக் போடும் 'ஐசைட்' வசதியும் 2013இல்தான் வந்தது, அதுவும் எல்லா வண்டியிலும் இல்லை. பெல்ட் ரசீதோடு 2012 கிடைத்தால், வரலாறு தெரியாத 2013ஐ விட அதையே என் தங்கைக்கு வாங்கித் தருவேன்.