கண்மாய்க்குள் ஒரு கண்

(மதுரைப் பக்கம் ஒரு கண்மாய்க் கரை. விடிகாலை. மாமா மூங்கில் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கிறார். குமார் பெரிய பையோடு வருகிறான்.)

மாமா: என்ன மாப்பிள்ளை, வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு கிளம்பிவிட்டாயா?

குமார்: எல்லாம் மீன் பிடிக்கத்தான் மாமா. இது குட்டி கேமரா. சுண்டுவிரல் பருமன். உள்ளே விட்டால் போனில் படம் தெரியும்.

மாமா: வயர் எதற்கு? வைஃபை கேமரா என்றல்லவா போன வாரம் பீற்றிக்கொண்டாய்?

குமார்: அரை அடி இறங்கியதும் சிக்னல் செத்துவிட்டது. அந்த அலையைத் தண்ணீரே குடித்துவிடுமாம்.

மாமா: கடைக்காரன் சொல்லவில்லையா?

குமார்: பெட்டிக்குள் காகிதம் இருந்தது மாமா. சீன மொழியில்.

மாமா: சரி, இந்த உருண்டை?

குமார்: சோனார். மிதந்துகொண்டே சத்தத்தைக் கீழே அனுப்பும். தண்ணீரில் சத்தம் நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் ஓடும். தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்குப் போட்டுப் போனுக்கு அனுப்பிவிடும். மீன் வயிற்றுக் காற்றுப்பையில் பட்டாலும் திரும்பும்.

மாமா: நாங்கள் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்குவோம். கல்லுக்கு சார்ஜ் போட வேண்டாம்.

(குமார் உருண்டையை வீசிப் பார்த்துவிட்டு எடுக்கிறான். பிறகு மாமாவின் தூண்டில் நரம்பில், முள்ளுக்கு ஒரு சாண் மேலே, கேமராவைக் கட்டுகிறான்.)

மாமா: என்னடா, டீக்கடை பாய்லருக்குள் விட்டது போல இருக்கிறது?

குமார்: மழைத் தண்ணீர் மாமா. கொஞ்சம் தெளியட்டும்... வந்துவிட்டது! ஜிலேபிக் கெண்டை! புழுவை உறிஞ்சிவிட்டது, இழுங்கள்! ஐயோ, துப்பிவிட்டது! திரும்ப உறிஞ்சுகிறது! திரும்பத் துப்பிவிட்டது!

மாமா: கிரிக்கெட்டா நடக்கிறது? தக்கை அமுங்கும்போது நானே இழுத்துக்கொள்கிறேன்.

குமார்: இன்னொன்று பக்கத்தில் வந்து முறைக்கிறது. வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறது.

மாமா: பெட்டையாக இருக்கும். முட்டை, குஞ்சு எல்லாம் வாயில் வைத்துத்தான் காப்பாற்றும். அதுவரை ஏறக்குறைய பட்டினி.

குமார்: கேமரா இல்லாமல் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

மாமா: மீன் ஆயும்போது உன் அத்தை கண்டுபிடித்தாள். அன்றைக்குக் குழம்பே வைக்கவில்லை. ரசம்தான்... போனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு.

(மாமா தூண்டிலைத் தரையில் வைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டுகிறார்.)

மாமா: அது என்ன, கறுப்பாக?

குமார்: பாசி.

மாமா: பாசிக்கு ஏதடா கண்? விரால்! பாம்புத் தலை பார்!

குமார்: தொடை பருமன் மாமா! கிட்ட வருகிறது... வாயைத் திறக்கிறது... திரை இருட்டாகிவிட்டது!

மாமா: உன் கேமரா கெட்டுப்போச்சு.

குமார்: கெடவில்லை. விழுங்கிவிட்டது! தூண்டில் எங்கே?

(மூங்கில் தண்ணீருக்குள் பாய்கிறது. வயர் விறைக்கிறது. குமார் கையிலிருந்து போன் பறந்து, "களுக்" என்று போய்ச் சேர்கிறது.)

மாமா: போச்சா?

குமார்: பயமில்லை மாமா. ஐபி 67 போன். 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும்.

மாமா: அப்படியானால் குதித்து எடுத்துவிடலாம். உன் உருண்டை இங்கே ஆழம் எவ்வளவு என்று காட்டியது?

குமார்: அது போனில் இருக்கிறது மாமா.

(மாமா கரையில் நல்ல கல்லாகத் தேட ஆரம்பிக்கிறார்.)