ஆயர்கள் கேட்கும் விலக்கு எதுவரை?

அமெரிக்காவில் ஈக்வாலிட்டி ஆக்ட் மசோதாவைக் கத்தோலிக்க ஆயர் (பிஷப்) பேரவை எதிர்த்ததில் பாதி நியாயம் உண்டு என்பது என் கட்சி. நானும் கத்தோலிக்கன்தான். எந்தப் பாதி என்பதில்தான் நம் ஆட்களோடு எனக்குச் சண்டை.

2021 பிப்ரவரியில் பிரதிநிதிகள் சபையில் 224-206 என்று நிறைவேறி, செனட்டில் முடங்கிப்போன மசோதா அது. வேலை, வீடு, கடை, மருத்துவமனை என்று எங்கேயும் பாலின அடையாளத்தையோ பாலீர்ப்பையோ காட்டி யாரையும் ஒதுக்கக்கூடாது என்றது. நல்லது. ஆனால் 1993-ஆம் ஆண்டின் மதச் சுதந்திர மீட்புச் சட்டத்தை இந்த வழக்குகளில் தற்காப்பாகக் காட்டவே கூடாது என்று ஒரு பிரிவையும் சேர்த்துவிட்டார்கள். அந்தப் பழைய சட்டம் யாருக்கும் வெற்றியை எழுதிக் கொடுப்பதில்லை. ஒருவருடைய மத வாழ்வின் மேல் அரசு பெரும் சுமையை ஏற்றினால், அதற்கு வலுவான காரணம் இருக்கிறதா, சுமை குறைந்த வேறு வழி இல்லையா என்று நீதிபதி விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான். அது பிறந்ததே பூர்வகுடிச் சடங்கில் பெயோட்டி என்ற கள்ளியை உண்டதால் வேலையிழந்த இருவர் 1990-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்ற பிறகுதான். அந்த விசாரணையே வேண்டாம் என்பது எனக்கும் பிடிக்கவில்லை.

இனி நான் ஏற்காத மற்ற பாதி. 2016-இல் சாக்ரமெண்டோ அருகே ஒரு கத்தோலிக்க மருத்துவமனையில் ஒருவருக்குக் கருப்பை அகற்ற நாள் குறித்திருந்தார்கள். அவர் திருநம்பி (பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்பவர்) என்று தெரிந்ததும் முந்தின நாள் ரத்து செய்தார்கள். மலடாக்கும் அறுவையை நாங்கள் யாருக்குமே செய்வதில்லை என்பது மருத்துவமனையின் வாதம். நோய்க்காக என்றால் அதே அறுவையைச் செய்கிறீர்களே என்பது அவர் தரப்பு. நோயைத் தீர்ப்பதுதான் அங்கே நோக்கம், மலடாவது வெறும் பக்கவிளைவு என்று நம் அறநெறி ஆசிரியர்கள் விளக்குவார்கள். அதில் தர்க்கமும் உண்டு. ஆனால் மருத்துவமனை ஒன்றும் குருமடம் இல்லையே. அரசுக் காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு எல்லா மதத்தவருக்கும் வைத்தியம் பார்க்கும் இடம். கலிஃபோர்னியா சட்டப்படி வழக்குத் தொடரலாம் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். 2021-இல் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது.

குருவாகவும் மறைக்கல்வி ஆசிரியராகவும் யார் இருக்கலாம் என்பது திருச்சபையின் முடிவு. அதை 2012-இலும் 2020-இலும் உச்ச நீதிமன்றமே சொல்லியாயிற்று. அதில் அரசு கை வைத்தால் நானும் கொடி பிடிப்பேன். கணக்கருக்கும் நோயாளிக்கும் அதே விலக்கை நீட்டும்போதுதான் இடிக்கிறது.

உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட ஏட்டில் மதச் சுதந்திரத்தை மனித மாண்பின் மேல்தான் கட்டியது. பிறர் உரிமை, பொது ஒழுங்கு என்ற வரம்புகளும் அதே ஏட்டில் இருக்கின்றன. நம் மேடைகளில் அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை, ஏனோ.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 2015-இல், அங்கே செல்வாக்குள்ள மார்மன் என்ற கிறிஸ்தவ சபையின் ஆதரவோடு ஒரு சட்டம் வந்தது. வேலையிலும் வீட்டு வாடகையிலும் திருநர்களுக்குப் பாதுகாப்பு, மத நிறுவனங்களுக்கு விலக்கு. கடை, மருத்துவமனை விவகாரத்தை அது தொடவில்லை, எனவே அரைகுறைதான். ஆனாலும் வேலையையும் வீட்டையும் காக்க ஒரு சட்டம் கிடைத்தது. ஆயர்களும் மொத்த மசோதாவோடு மல்லுக்கட்டாமல், மதச் சுதந்திரச் சட்டத்தைத் தடுக்கும் அந்த ஒரு பிரிவை நீக்குங்கள், மற்றதற்கு எங்கள் ஆதரவு உண்டு என்று கேட்டிருந்தால் நான் முழுமனதாக அவர்கள் பக்கம் நின்றிருப்பேன்.