சில்வர் பைப்பும் விரியும்

ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. செம்பனை மில்லில் வெந்நீர் பைப் விரிசல் விட்டு, பாய்லர்மேன் அண்ணன் கை வெந்துபோனதைப் பற்றி நம் ஊர்க்காரர்களே எழுதியதைப் படித்தேன். “சில்வர் பைப் எப்படிய்யா உடையும்? பாய்லர்மேன் தூங்கியிருப்பான்.” அதற்கு இத்தனை லைக்.

சில்வர் பைப் உடையும். துருப்பிடிக்காமலேயே உடையும்.

சில்வர் என்று நாம் சொல்லும் ஸ்டேன்லெஸ் ஸ்டீலைக் காப்பது அதிலுள்ள குரோமியம். 304 என்ற ரகத்தில் சுமார் 18 சதவீதம். காற்று பட்டதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலாக மேலே படிந்துவிடும், கீறினாலும் தானே மூடிக்கொள்ளும். ஆனால் 60 டிகிரிக்கு மேல் சூடு, தண்ணீரில் உப்பு, வெல்டு போட்ட இடத்தில் இரும்புக்குள் நின்றுபோன இழுவிசை, இந்த மூன்றும் ஒரே இடத்தில் கூடினால் அந்தத் தோல் ஒரு புள்ளியில் விட்டுப்போகும். அங்கிருந்து விரிசல் உள்ளே ஓடும். மற்ற இடமெல்லாம் பளபளவென்றுதான் இருக்கும்.

நான் இதைக் கண்ணால் பார்த்தவன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் வேறொரு செம்பனை மில்லில் இருந்தபோது, ஒரு பைப்பில் சொட்டுச் சொட்டாக நீர் கசிந்தது. சூடு போகாமலிருக்கச் சுற்றியிருந்த பஞ்சைப் பிரித்தால் பைப் புதுசு மாதிரி இருக்கிறது. விரிசலைக் காட்டும் சிவப்பு மருந்தை அடித்து, துடைத்துவிட்டு, வெள்ளைப் பவுடர் அடித்தோம். கொஞ்ச நேரத்தில் வெல்டு ஓரத்திலிருந்து சிவப்புக் கோடுகள் மர வேர் மாதிரி கிளைகிளையாக எழுந்துவந்தன. இப்போது அண்ணன் மில்லில் வெட்டியெடுத்த துண்டையும் பார்த்தேன். அதே வேர்.

தோட்டத்து மில்லை விடுங்கள். 1970களில் அமெரிக்க அணு உலைகளில் 288 டிகிரி சூட்டில், 70 பார் அழுத்தத்தில் தண்ணீர் ஓடிய 304 பைப்புகள் வெல்டு ஓரத்தில் விரிந்தன. அங்கே உப்புகூடத் தேவைப்படவில்லை. வெல்டு சூட்டில் குரோமியம் கார்பனோடு சேர்ந்து ஒதுங்கிவிட்டது, தண்ணீரில் துளி ஆக்சிஜன் இருந்தது, அதுவே போதுமாக இருந்தது. பிறகுதான் கார்பன் குறைந்த ரகத்துக்கு மாறினார்கள், அந்த ஆக்சிஜனைக் குறைக்கத் தண்ணீரில் ஹைட்ரஜன் விட்டார்கள். அவ்வளவு படித்தவர்கள் நடத்திய உலையில் விரிந்தால் அது உலோகத்தின் குணம், நம் ஆள் கையில் விரிந்தால் தூக்கமா?

“பிரஷரை ஏறவிட்டிருப்பார்” என்கிறார்கள். பிரஷர் ஏறினால் தூக்க வேண்டிய சேஃப்டி வால்வ் தூக்கவே இல்லை, லாக் புக்கில் எல்லாம் வழக்கமான அளவு. “316 ரகம் போட்டிருக்கலாமே” என்று ஒருவர். அதில் மாலிப்டினம் உண்டு, குழி விழுவதைத் தாங்கும், சரி. இந்தச் சூட்டிலும் உப்பிலும் அதுவும் விரியும். “தண்ணீரைப் பார்ப்பது பாய்லர்மேன் வேலைதானே?” பார்த்தார். மழையில்லாத மாதங்களில் கடல் தண்ணீர் ஆற்றில் ஏறி உப்புக் கரிப்பது இங்கே மலேசியாவின் கீழ்ப் பேராக்கில் யாருக்குத் தெரியாது? மூன்று முறை எழுதிக் கொடுத்தார். அந்த பைப்பை வாங்கியது அவரா? வெல்டு போட்டது அவரா?

ஆனால் தப்பு என்று வந்தால் கீழே நிற்கிறவன் தலையில்தான் விழுகிறது. அதை மேலே இருக்கிறவர்கள் செய்தால் பழகிவிட்டது. நாமே செய்வதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. லயத்தில் பிறந்து, பகலில் வேலை பார்த்து இரவில் படித்து, பாய்லர் ஓட்டும் லைசென்ஸான ஸ்டீம் டிக்கெட் எடுத்த மனிதர் அவர். எனக்கு வால்வ் திறக்கக் கற்றுக்கொடுத்தவர். “தூங்கியிருப்பான்” என்று எழுதிய தம்பி, அவர் மகள் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நீ. அந்த வரியை எடுத்துவிடு.

நேற்று ராத்திரி வீட்டுக்குப் போனேன். கையில் முழங்கை வரைக்கும் கட்டு. நீங்கள் எழுதியதை மகள் படித்துக் காட்டியிருக்கிறாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் பார்த்ததும் கேட்டது ஒன்றுதான்: “வெல்டு ஓரம்தானே தம்பி?”

ஆமாம் அண்ணே என்றேன்.