பள்ளிச் சுற்றுலாவுக்குப் பெற்றோர் பணம் தரலாமா?

பள்ளிச் சுற்றுலாவுக்கும் பிற செயல்பாடுகளுக்கும் பெற்றோர் பணம் தருவதில் எனக்கு மறுப்பில்லை. பேருந்துக்கும் நுழைவுச்சீட்டுக்கும் ஆகும் செலவு எல்லாப் பள்ளிகளாலும் தாங்கக்கூடியது அன்று. ஆனால், அந்தப் பேருந்தில் ஒரு பிள்ளைக்கு இடம் உண்டா என்பதைப் பெற்றோர் தரும் பணம் முடிவு செய்யக் கூடாது.

‘விருப்பமுள்ளவர்கள் தரலாம்’ என்று சுற்றறிக்கையில் எழுதிவிட்டு, தராதவர்களின் பெயர்களை வகுப்பில் வாசித்தால் அங்கே விருப்பத்துக்கு இடமேது? பெற்றோர் மீதான கட்டாய வசூல் சில வேளைகளில் விருப்பத் தொகை என்ற பெயரிலேயே வருகிறது என்பதை, பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான ஐ.நா. குழு 1999இல் வெளியிட்ட 11ஆவது பொதுக் கருத்துரையிலேயே சுட்டிக்காட்டியிருக்கிறது.

இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, அரசு நிதியில் இயங்கும் பள்ளிகள் பள்ளி நேரத்தில் நடக்கும் பயணத்துக்கு நன்கொடை கேட்கலாம்; ஆனால், தராதவரின் பிள்ளையை விட்டுச் செல்லக் கூடாது. இது நல்ல ஏற்பாடு. எனினும், போதிய தொகை சேராவிட்டால் பயணத்தையே கைவிடப் பள்ளிக்கு அங்கே இடமுண்டு என்பது எனக்கு உறுத்துகிறது. பயணம் நின்றதும் யாரால் நின்றது என்ற பேச்சு எழும், பழி ஏழை வீட்டின் மேல்தான் விழும். கையில் உள்ள நிதிக்குள் அடங்கும் பயணத்தை முதலில் திட்டமிட்டுவிட்டு, அதன் பிறகு நன்கொடை கேட்பதே நியாயம்.

வீட்டு நிலைமை அறிந்த பிள்ளைகள் சுற்றறிக்கையைப் பெற்றோரிடம் காட்டுவதே இல்லை. ‘எனக்குப் போகப் பிடிக்கவில்லை’ என்று ஆசிரியரிடம் தாங்களாகவே சொல்லிவிடுகிறார்கள். பள்ளியும் அதை அப்படியே ஏற்றுக்கொள்வதால், பணமில்லாமல் நின்றவர்கள் எத்தனை பேர் என்பது எந்தக் கணக்கிலும் வருவதில்லை. இந்த மௌனம்தான் என்னை மிகவும் வருத்துகிறது.

பணம் கட்டுகிற பெற்றோர் பிறர் பிள்ளைக்கும் சேர்த்து ஏன் சுமக்க வேண்டும் என்ற கேள்வியை நான் ஒதுக்கவில்லை. யாரும் சுமக்கத் தேவையில்லை. ஒருவர் தராத தொகையை மற்றவர்களின் பங்கில் ஏற்றக் கூடாது, பற்றாக்குறையைப் பள்ளி நிதியே ஏற்க வேண்டும். அருங்காட்சியகத்தில் பார்த்ததைப் பற்றி மறுவாரம் வகுப்பே கட்டுரை எழுதும்போது, போகாத பிள்ளை எதை எழுதும்? பாடத்தோடு இணைந்த பயணம் பாடம்தான்.

ஆகவே, பள்ளிகளிடம் நான் கேட்பது இதுதான்: பணம் வகுப்பாசிரியர் கைக்கு வராமல் நேரே அலுவலகத்துக்குச் செல்லட்டும், தராவிட்டாலும் உங்கள் பிள்ளை கட்டாயம் வரும் என்பதைச் சுற்றறிக்கையின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.