என் வண்டியைப் பத்தி என்கிட்ட பேசுங்க

லிஃப்ட் பக்கத்துல ஒட்டியிருந்த நோட்டீஸை நேத்து இங்க போட்டிருந்தேன், பார்த்திருப்பீங்க. பேர் இல்ல, கையெழுத்து இல்ல. "ரேஸ் வண்டி வைத்திருப்போர் உடனடியாக அப்புறப்படுத்தவும்." எங்க அபார்ட்மென்ட்ல அந்த மாதிரி இருக்கிறது ஒரே வண்டிதான், அது என்னோட ஹீரோ எக்ஸ்பல்ஸ் பைக். எழுதினவங்களுக்கும் அது தெரியும். அது பத்தாதுன்னு இன்னிக்குக் காலையில முன் டயர்ல காத்து இல்ல. பஞ்சர் கிடையாது. வால்வ் மூடியைக் கழட்டி, காத்தைப் பிடுங்கிட்டு, மூடியைப் பத்திரமா சீட் மேல வெச்சிட்டுப் போயிருக்காங்க.

நான் கேட்கிறது ஒண்ணே ஒண்ணுதான். சத்தமா இருக்கா, சேறு படுதா, வழிக்கு இடைஞ்சலா இருக்கா, என்கிட்ட வந்து சொல்லுங்க. போன வாரம் அசோசியேஷன் செக்ரட்டரி இதைப் பேச வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்தது நான். "சார் இருக்காரா?"ன்னு கேட்டார். என் வீட்டுக்காரர் எழுந்து வந்ததும், "கொஞ்சம் மேடத்துக்கிட்ட எடுத்துச் சொல்லுங்க"ன்னார். நான் அங்கயேதான் நிக்கிறேன். ஆர்.சி. என் பேர்ல இருக்கு, தவணை என் சம்பளத்துல போகுது. என் வீட்டுக்காரருக்கு கியர் வண்டியே ஓட்டத் தெரியாது. அவர் என்னத்தை எடுத்துச் சொல்லுவார்?

"அபார்ட்மென்ட்ல இருந்துக்கிட்டு டர்ட் பைக் (மண்பாதையில ஓட்டுற பைக்) எதுக்கு, ஸ்கூட்டி போதாதா?"ன்னு நேத்து ஒருத்தர் கமெண்ட்ல கேட்டிருந்தார். முதல்ல இது ரேஸ் வண்டி இல்லங்க. ரேஸுக்குன்னே வர்ற டர்ட் பைக்குக்கு ஹெட்லைட் இருக்காது, இண்டிகேட்டர் இருக்காது, பதிவு பண்ண முடியாது. ரோட்ல ஓட்டவே கூடாது, குட்டியானையில ஏத்திக்கிட்டுத்தான் போகணும். அதனாலதான் ரோட்லயும் மண்லயும் ஓடுற எக்ஸ்பல்ஸ் 200 எடுத்தேன். முன்னாடி 21 இன்ச், பின்னாடி 18 இன்ச் ஸ்போக் வீல். சீட் உயரம் 82 செ.மீ.க்கு மேல. என் உயரத்துக்கு ஒரு கால்தான் ஒழுங்கா ஊணும், அது போதும். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் எடுக்கச் சொல்லிப் பல பேர் சொன்னாங்க. அது 200 கிலோ கிட்ட வரும், இது 160 கூட வராது. முதல் வண்டின்னா மண்ல விழத்தான் செய்யும். விழுந்தா முதுகை வண்டிப் பக்கம் காட்டி உட்கார்ந்து, ஒரு கையால ஹேண்டில்பாரையும் இன்னொரு கையால பின் கம்பியையும் பிடிச்சு, காலை ஊணிப் பின்னாடியே நடந்து தூக்கணும். தனியா தூக்க முடியாத வண்டியை முதல் வண்டியா வாங்காதீங்க.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது யூடியூப் இல்ல, தானே புயல். 2011 டிசம்பர் 30. அப்போ எட்டாவது படிச்சிட்டிருந்தேன், அரையாண்டு லீவுக்குப் பண்ருட்டி பக்கம் பெரியப்பா வீட்டுல இருந்தேன். விடிஞ்சு பார்த்தா முந்திரியும் பலாவும் வேரோட சாஞ்சு வழியெல்லாம் அடைச்சுக் கிடந்துச்சு. கார் போகல, புல்லட் போகல. பெரியப்பாவும் அண்ணனும் டிவிஎஸ் எக்ஸ்எல்லை எடுத்துக்கிட்டு, மரம் வர்ற இடத்துலெல்லாம் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுத் தூக்கி அந்தப் பக்கம் இறக்கி, மறுபடி ஓட்டிப் போய்த் தண்ணி கேனும் பால் பவுடரும் கொண்டு வந்தாங்க. பெரிய வண்டி மேல எனக்கு இருந்த மயக்கம் அன்னிக்கே போச்சு. இப்பவும் ஞாயித்துக்கிழமை நான் ஓட்டுறது அந்த முந்திரித் தோப்பு செம்மண்லதான். பீச்ல ஓட்டி ஆமை முட்டையை மிதிக்கிறேன்னு எழுதினவங்களுக்கு: பங்குனி ஆமை வர்ற கரையில நான் வண்டி இறக்கினதே இல்ல, இறக்கவும் மாட்டேன்.

சத்தத்துக்கு வர்றேன். வாங்கும்போது முதல்ல பழைய வண்டிதான் பார்த்தேன், விலை குறைச்சலா கிடைச்சுது. ஒண்ணுல ஃபோர்க்ல, அதாவது முன் ஷாக் அப்சார்பர்ல, ஆயில் கசிஞ்சுது. இன்னொண்ணுல ஸ்போக்கை ஸ்பேனரால தட்டினா ஒண்ணு கணீர்னு கேட்டுது, அடுத்தது பொத்துனு, அது லூசா இருக்குன்னு அர்த்தம். மூணாவது வண்டி நல்ல வண்டி, ஆனா வித்த பையன் சத்தம் அதிகமா வர்ற சைலன்சரை மாத்தி வெச்சிருந்தான். வேணாம்னு வந்துட்டேன். அபார்ட்மென்ட்ல நாலு பேர் இருப்பாங்கங்கிற ஒரே காரணத்துக்காக, அதிகமா காசு போட்டுக் கம்பெனி சைலன்சரோட புது வண்டி எடுத்தேன். ராத்திரி 10 மணியிலேர்ந்து காலையில 6 மணி வரைக்கும் குடியிருப்புப் பகுதியில 45 டெசிபல்தான்னு 2000-ல வந்த ஒலி விதி சொல்லுது. நான் விதிக்காக மட்டும் செய்யல. ரெண்டாவது மாடியில கைக்குழந்தை இருக்கு. அதனால விடியக்காலம் கிளம்பும்போது நியூட்ரல்ல தெருமுனை வரைக்கும் தள்ளிட்டுப் போய்த்தான் ஸ்டார்ட் பண்றேன். வாட்ச்மேன் அண்ணனைக் கேளுங்க. பார்க்கிங்ல செம்மண் கறை படுதுன்னு சொன்னது நியாயம். இனிமே வாட்டர் சர்வீஸ்ல கழுவிட்டுத்தான் உள்ள கொண்டு வருவேன்.

"சேர்ந்து வாழணும்னா விட்டுக்கொடுக்கணும்"ங்கிறாங்க. ராத்திரி 11 மணிக்கு ரிவர்ஸ் எடுக்கிற கார் பாட்டுப் பாடுது. மாடி வீட்டுல மிக்சி, கீழ ஜெனரேட்டர். நான் யார் வீட்டு வாசல்லயாவது நோட்டீஸ் ஒட்டினேனா? யார் டயர்லயாவது கை வெச்சேனா? எனக்குப் பதிலா என் வீட்டுக்காரர் இதை ஓட்டிக்கிட்டிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காதுன்னுதான் எனக்குத் தோணுது.

இதைச் சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த ராத்திரி. மறுநாள் புதுச்சேரி கிருஷ்ணா நகர்ல ராணுவம் வந்து ஜனங்களை மீட்டுச்சே, அந்த மழை. எங்க தரைத்தளத்துல முழங்கால் தண்ணி. கீழ் வீட்டு ஆளுங்க எல்லாம் எங்க ஹால்லதான் படுத்தாங்க. இருந்த மாவுக்கு நான் தோசை ஊத்திக்கிட்டே இருந்தேன். அன்னிக்கு எல்லாருக்கும் என் வீட்டுக் கதவைத் தட்டத் தெரிஞ்சுது. சார் இருக்காரான்னு யாரும் கேட்கல.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 5 மணிக்குக் கீழ பார்க்கிங்ல இருப்பேன். வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறேன், யாருக்கு எந்த ஜன்னல்ல கேட்குதோ அங்க நின்னு கேளுங்க. ஜெனரேட்டர் பக்கத்துல இருக்கிற கடைசி இடத்தை மாத்திக்க யாராவது ஒத்துக்கிட்டா, அன்னிக்கே வண்டியை அங்க நகர்த்திடுறேன்.